காவல் காத்தால் ஈரமாகும் மூட்டை

அத்தியாயம் 3

ஒரு துப்பறியும் நிபுணரின் உதவியாளன் சாக வேண்டுமென்றால் துப்பாக்கிக் குண்டில் சாக வேண்டும். குறைந்தபட்சம் யாராவது மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிட்டாவது சாக வேண்டும். முப்பது காலிச் சாக்குகளுக்கு அடியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கடல்பாசி நாற்றத்தில் சாகக் கூடாது. நான் அப்படித்தான் செத்துக்கொண்டிருந்தேன்.

என்னை அங்கே படுக்கவைத்தவர் என் அண்ணி. அதாவது என் சொந்த அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருடம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தவர். காலரில் எழுதி வந்தவன், செருப்பில் எழுதி வந்தவன், கட்டுப் போட்ட கையில் கட்டுக்குள்ளே பாதிப் புத்தகத்தையே சுற்றி வந்தவன் என்று ஒருவரையும் விட்டதில்லை. ஓய்வு பெற்ற மறு வாரமே துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். நான் அப்போதுதான், டிக்கெட் வாங்காத மேலதிகாரியைப் பாதி வழியில் இறக்கிவிட்ட குற்றத்துக்காக பஸ் கண்டக்டர் வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "சும்மாதானே இருக்கீங்க தம்பி, கூட வாங்க" என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாக்குக்கு அடியில் எனக்கு மூச்சு அவ்வளவுதான் இருக்கிறது.

இந்தக் கரையில் நாற்பத்து மூன்று குடும்பங்கள் கடலில் பாசி வளர்க்கின்றன. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, கயிற்றில் சாணுக்கு ஒரு பாசித் துண்டு முடிந்து, நாற்பத்தைந்து நாளில் அறுத்து, வலை விரித்துக் காயவைக்கிறார்கள். காய்ந்த பாசி எங்கேயோ போய்ப் பொடியாகிப் பற்பசையில் சேர்கிறதாம். பாதி உலகம் காலையில் எழுந்ததும் இவர்கள் உழைப்பை வாயில் போட்டுக் கொப்பளித்துத் துப்புகிறது. ஆனால் இவர்களுக்கு உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் தெரியும். அவர் தரகர். முப்பது வருடமாக அவர் சொன்னதுதான் விலை, அவர் வாங்கினால்தான் விற்பனை.

இந்த வருடம் சங்கம் ஆரம்பித்து, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு நேரடியாக விற்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். கம்பெனி கேட்டது ஐந்து கிலோ மாதிரி மூட்டை ஒன்று. அதில் ஈரம் நூற்றுக்கு முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. முதல் மாதிரி முப்பத்தொன்பது காட்டியது. இரண்டாவது நாற்பத்தாறு. இரண்டையும் சருகாகக் காயவைத்து, பூட்டிய கொட்டகையில்தான் வைத்திருந்தார்கள்.

மூன்றாவதைச் சோதிக்க இன்று மாலை நாலு மணிக்கு கம்பெனியின் ஆள் வருகிறார். நாலாவது வாய்ப்பு கிடையாது. இதுவும் தேறாவிட்டால் நாற்பத்து மூன்று குடும்பமும் தரகர் வாசலுக்குத் திரும்ப வேண்டும். சங்கத் தலைவி தலையில் மூட்டையோடு முன்னால் நடக்க வேண்டும். அந்த அம்மா ஊர் கூட்டி அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

யாரோ மூட்டையை நனைக்கிறார்கள். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நான் சாக்குக்கு அடியில் கிடந்தேன்.

சாக்கின் ஓட்டை வழியே பார்த்தேன். தகரக் கூரை. குறுக்குச் சட்டத்தில் கொக்கி போட்ட தொங்கு தராசு, எண் ஓடுகிற ரகம். அதன் பக்கத்தில் ஒரு பழைய பக்கெட். பெஞ்சின் மேல் மூன்றாவது மாதிரி மூட்டை, கல்யாணப் பெண் போலக் கோணி ஊசியால் தைத்து, கழுத்தில் அரக்கு முத்திரையோடு உட்கார்ந்திருந்தது.

பதினோரு மணிக்குப் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. மூச்சை அடக்கினேன். வந்தது சங்கத் தலைவிதான். ஐம்பது வயதிருக்கும். ஈரக் கயிறு இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் அகன்ற அம்மா. மூட்டையைக் கொக்கியில் மாட்டினார், எண்ணைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்து "ஐயோ" என்றார், நோட்டில் எழுதினார்.

"நல்லபடியா இருப்பா ராசா, இன்னும் அஞ்சு மணி நேரந்தான்" என்று மூட்டையைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்.

அவர் மூட்டையை மாட்டியபோதே என் மண்டையில் சளக்கென்று ஏதோ விழுந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று கூரை போட்டவனைத் திட்டிக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி தலைவி, மறுபடி எடை, மறுபடி ஐயோ, மறுபடி சளக். ஒரு மணிக்கும் அப்படியே. இடையில் ஒரு எலிகூட வரவில்லை.

ஒன்றே காலுக்கு அண்ணி வந்து சாக்குகளை விலக்கினார்.

"யாரு வந்தா தம்பி?"

"ஒருத்தரும் வரல அண்ணி. தலைவியம்மா மட்டும் மூணு தடவை வந்து எடை பாத்துட்டுப் போனாங்க."

"ஒருத்தரும் வரலங்கறீங்க. அப்புறம் தலைவியம்மா வந்தாங்கங்கறீங்க."

"அவங்க எப்படி அண்ணி கணக்குல வருவாங்க? நம்மளைக் கூப்பிட்டதே அவங்கதானே!"

"பரீட்சை ஹால்ல ஒருத்தன் எந்திரிச்சு, 'மேடம், முன்னாடி இருக்கறவன் காப்பி அடிக்கறான்'னு சொன்னான். நான் முன்னாடி போய்ப் பாக்கற நேரத்துல அவன் ரெண்டு பக்கம் எழுதிட்டான்" என்றார் அண்ணி. பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "தலை ஏன் நனைஞ்சிருக்கு?"

"கூரை ஒழுகுது."

"மழை பெஞ்சு எத்தனை நாளாச்சு?"

நான் கூரையைப் பார்த்தேன். தகரத்தின் ஓட்டைகள் வழியே வெயில்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

"வழியறதை நாக்குல தொட்டுப் பாருங்க."

தொட்டேன். "உப்பு அண்ணி. வேர்வையா இருக்கும்."

"மணி அடிச்ச மாதிரி மணிக்கு ஒரு தடவை வேர்க்குமா உங்களுக்கு?"

அண்ணி பெஞ்சின் மேலிருந்த நோட்டை எடுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தை என் மூக்கருகே நீட்டினார்.

"படிங்க."

"நேத்து சாயங்காலம் ஆறு மணி, அஞ்சு கிலோ நூத்தி இருபது. இன்னைக்குக் காலைல ஆறு மணி, அஞ்சு கிலோ நூத்தி அறுபது. ஏழு மணிக்கு இருநூறு. எட்டுக்கு இருநூத்தி நாப்பது. அடப்பாவி, நாப்பது நாப்பதா ஏத்திட்டே போறானே!"

"ஏழுலேந்து எட்டுக்கு ஒரு மணி நேரம். அதுல நாப்பது கிராம் தண்ணி. சாயங்காலம் ஆறுலேந்து காலைல ஆறு வரைக்கும் எத்தனை மணி நேரம்?"

"பன்னெண்டு."

"அதுல எவ்வளவு?"

"அதே நாப்பது." நான் தலையைச் சொறிந்தேன். கை உப்பாகியது. "என்ன அண்ணி திருடன் இவன்? ராத்திரி பூரா நேரம் கெடைச்சும் ஒரு கை தண்ணிதான் ஊத்திருக்கான். ரொம்ப நியாயமானவனா இருக்கானே!"

"இன்னொண்ணும் பாருங்க. முதல் மாதிரியை மொத்தமே பத்துத் தடவைதான் எடை பாத்திருக்காங்க. ஈரம் முப்பத்தொம்பது. பயந்துபோய் ரெண்டாவதை முப்பது தடவை பாத்திருக்காங்க. நாப்பத்தாறு. எவ்வளவுக்கு எவ்வளவு காவல் காக்கறாங்களோ, அவ்வளவுக்கு அவ்வளவு நனையுது."

"அப்போ இது பேய் வேலை."

"பேய்க்கு நோட்டுல எழுதத் தெரியாது" என்றார் அண்ணி. "கடைக்குப் போய் நீல மசி ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாங்க. அப்படியே இருபது கிலோ உப்பு மூட்டை ஒண்ணு, கடைக்காரர் சீல் போட்டது. பிரிக்கக் கூடாது."

"மசி எதுக்கு?"

"வாங்கிட்டு வந்து திரும்பச் சாக்குக்கு அடியில படுங்க. தெரியும்."

நான் போட்ட கூச்சலை இங்கே எழுதினால் அச்சகத்தார் கோபித்துக்கொள்வார்கள். போனேன். வாங்கினேன். உப்பு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வரும்போது தரகரைக் கடந்து வந்தேன்.

கொட்டகைக்கு எதிரே, கவிழ்த்துப் போட்ட படகின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், மடியில் கைக்குட்டை. இரண்டு மாதமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு வந்து, இருட்டும்வரை கொட்டகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். ஊரில் நூற்றுக்கு நூறு பேர் அவர்தான் குற்றவாளி என்றார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

"என்ன தரகரே, மூட்டைக்குக் காவலா?" என்று கேட்டேன்.

"வேற எங்க போறது?" என்றார் அவர். "முப்பது வருஷமா எட்டு மணியானா கால் தானா இங்க வந்துடுது. வீட்ல இருந்தா எம் பொண்டாட்டி, 'எதையாவது தூக்குங்க, எதையாவது எறக்குங்க'ங்கறா. பழக்கமில்லாத வேலை."

"எல்லாரும் உங்களைத்தான் சந்தேகப்படறாங்க."

அவர் விருட்டென்று எழுந்துவிட்டார். "விலையைக் கொறைச்சேன், ஒத்துக்கறேன். வாங்க மாட்டேன்னு மெரட்டினேன், அதையும் ஒத்துக்கறேன். அது வியாபாரம். ஆனா எடையில ஒரு கிராம் ஏமாத்தினேன்னு ஒருத்தனைச் சொல்லச் சொல்லுங்க! எங்கப்பா சொல்லிக் குடுத்த தொழில் தம்பி இது. எந்தத் தராசுல வேணா போட்டுப் பாத்துக்கோங்க!"

"பாத்துடலாமே" என்றது பின்னாலிருந்து அண்ணியின் குரல். "உள்ள வாங்க."

இரண்டரை மணிக்குக் கொட்டகைக்குள் ஐந்து பேர். அண்ணி, தலைவி, கொட்டகைச் சாவியை இடுப்பில் முடிந்திருந்த தலைவியின் மருமகள், தரகர், சாக்குக்கு அடியில் நான். உப்பு மூட்டையை அண்ணி ஒரு பழைய கோணிக்குள் திணித்துத் தைத்து வைத்திருந்தார். உள்ளே என்ன, எவ்வளவு என்று யாருக்கும் சொல்லவில்லை. சாக்குகள் மேலே விழுமுன் நான் ஒன்றைக் கவனித்தேன்: இரண்டு பாட்டில் மசியும் பக்கெட்டுக்குள் போயிருந்தது. பழைய பக்கெட், உள்ளே கடல் தண்ணீர், அழுக்குப் பச்சை. மசி கலந்ததே தெரியவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் பழைய நாள்ல எப்படி எடை போடுவீங்களோ, அப்படியே இதைப் போட்டுக் காட்டுங்க" என்றார் அண்ணி.

தலைவிக்குப் பொறுக்கவில்லை. "மேடம், மணி ரெண்டரை ஆச்சு. நாலு மணிக்கு அந்தாளு வந்துடுவாரு. இவரை ரெண்டு தட்டுத் தட்டி உண்மையை வாங்குவீங்கன்னு பாத்தா, வெளையாட்டு காட்டுறீங்களே! எம் பேச்சை நம்பி ரெண்டு மாசமா ஒரு மூட்டை விக்காம உக்காந்திருக்காங்க எல்லாரும். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிப்பேன்?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாக்குக்கு அடியில் எனக்கே கஷ்டமாக இருந்தது.

"ஒரே ஒரு தடவை" என்றார் அண்ணி.

தலைவி ஒரு முனையையும் தரகர் ஒரு முனையையும் பிடித்தார்கள். இரண்டு மாதமாக முகம் பார்த்துப் பேசாத இருவரும் ஒரே மூச்சில் தூக்கி ஒரே மூச்சில் மாட்டினார்கள். சளக், சளக், சளக் என்று என் மேல் மூன்று தரம் விழுந்தது. தராசின் எண் ஏறி, இறங்கி, நின்றது.

"இருபது கிலோ" என்று அண்ணி படித்தார். "சரியா இருபது. சீல் வெச்ச மூட்டை, கடை எடையும் இருபது."

"பாத்தீங்களா!" என்றார் தரகர், நெஞ்சை நிமிர்த்தி. "ஒரு கிராம் தப்புமா?"

"எங்க பக்கமும் தப்பு கிடையாது" என்றார் தலைவி. "நாங்க என்னைக்குமே நேர்மையாத்தான் குடுத்தோம்."

"தலைவியம்மா, வலது கையைக் காட்டுங்க."

தலைவி கையை விரித்தார். உள்ளங்கை முழுக்க நீலம். மணிக்கட்டு வரை நீலம். யாருடைய கையோ தன் கையில் வந்து ஒட்டிக்கொண்டதைப் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தரகரே, உங்க பேன்ட்டைப் பாருங்க."

தரகர் குனிந்தார். வெள்ளைப் பேன்ட்டின் வலது முழங்காலில், சோறு வைக்கும் தட்டு அளவுக்கு ஒரு நீல வட்டம்.

"தம்பி, நீங்களும் வெளிய வாங்க."

எழுந்து நின்றேன். மருமகள் வீல் என்று அலறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். என் முகத்தில் மூன்று நீலக் கோடுகள் வழிந்துகொண்டிருந்தன.

"பரீட்சை ஹால்ல நான் யார் மூஞ்சியையும் பாத்ததில்ல" என்றார் அண்ணி. "அங்க எல்லா மூஞ்சியும் திருட்டு முழிதான் முழிக்கும். கையைத்தான் பாப்பேன். மூட்டை மேல ஏறின உடனே தலைவியம்மா கை பக்கெட்டுக்குள்ள போச்சு. மூணு கை தண்ணிய மூட்டை மேல தெளிச்சிடுச்சு. தண்ணி விழுந்த உடனே தரகர் முழங்கால் மூட்டைக்கு அடியில போய்த் தூக்கிப் பிடிச்சுது. இவங்க ஏத்தின கனத்தை அவரு எறக்கிட்டாரு. தராசு சரியா இருபது காட்டுது."

"பொய்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"சாட்சி நான்" என்றேன். "மூணு தடவை குளிச்சிருக்கேன்."

தலைவி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பக்கெட்டு... தராசுப் பக்கத்துல பக்கெட்டு எப்பவும் இருக்கும் மேடம். எல்லார் கொட்டகையிலயும் இருக்கும். எதுக்குன்னு நான் யோசிச்சதே இல்ல. நான் கல்யாணமாகி வந்தப்போ எங்க மாமியார்தான், மூட்டை ஏறினா கையை இப்படி..." கை தானாக எழுந்து காட்டியது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஐயையோ! நாந்தானா? மூணு மூட்டையையும் நாந்தான் நனைச்சேனா? யாராச்சும் தண்ணி ஊத்தினா கனத்துல தெரிஞ்சிடுமேன்னுதானே மேடம் மணிக்கொரு தடவை மாட்டிப் பாத்தேன்!"

தரகரின் நிலைமை அதைவிட மோசம். முழங்காலையே வெறித்துக்கொண்டிருந்தார். "எங்கப்பாவும் இப்படித்தான் நிப்பாரு" என்றார் மெதுவாக. "இடுப்பு வலிக்காம இருக்கறதுக்குன்னு நெனச்சேன்."

"சரி, ஒப்பாரியெல்லாம் அப்புறம்" என்றார் அண்ணி. "வெளிய வலையில பாசி காலைலேந்து காயுது. புதுசா ஒரு மூட்டை கட்டுங்க. மருமக எடை போடட்டும்."

பாசி வந்தது. மருமகள் கொக்கியில் மாட்டினார். நாங்கள் எல்லாரும் அவருடைய வலது கையையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இடது கை பக்கெட்டுக்குப் போனது.

"அடியே!" என்றார் தலைவி.

"அத்தை, நான் ஒண்ணுமே பண்ணல அத்தை!" என்றார் மருமகள், நீலக் கையை உதறிக்கொண்டே.

அந்த மூட்டையும் போயிற்று. இன்னொன்றை நிரப்பினோம். நான் பக்கெட்டைத் தூக்கிக் கொண்டுபோய்க் கடலிலேயே வீசிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது வாசலில் ஒரு வண்டி நின்றது. நாலு மணிக்கு வர வேண்டிய பரிசோதகர் மூன்றே காலுக்கே வந்துவிட்டார்.

இஸ்திரி மடிப்பு கலையாத இளைஞர். ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஊசி வைத்த கருவி, ஒரு தண்ணீர் பாட்டில். மூன்றையும் பெஞ்சின் மேல் வரிசையாக வைத்தார். என் நீல முகத்தைப் பார்த்தார். கேட்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று முடிவு செய்துவிட்டார்.

"எங்க கம்பெனி விதிப்படி, வளக்கறவங்களே தன் கையால, தன் தராசுல அஞ்சு கிலோ நிறுத்துக் காட்டணும். நான் தொட மாட்டேன். தலைவியா யாரு? நீங்களா? மாட்டுங்கம்மா."

தலைவி மூட்டையை எடுத்தார். நான் ஓடிப்போய் அவருடைய வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன். இடது கையால் மாட்டினார். மாட்டியதுதான் தாமதம், அந்த வலது கை கிளம்பியது. பக்கெட் இருந்த இடத்தைத் தேடிக் காணாமல், நேராகப் பரிசோதகரின் தண்ணீர் பாட்டிலுக்குப் போனது. கூடவே நானும் போனேன். தொண்ணூறு கிலோ ஆள் நான். கடலுக்குள் நின்று கயிறு இழுத்த கை அது. என்னைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பாட்டிலைத் தொட்டும் விட்டது. நல்லவேளையாக அண்ணி பாட்டிலைத் தட்டிவிட்டார்.

"என்ன நடக்குது இங்க?" என்றார் பரிசோதகர்.

"அவங்களுக்குத் தாகம்" என்றேன், தரையிலிருந்தபடி.

"இன்னும் ஒரு தடவைதான். எனக்கு வேற எடத்துக்குப் போகணும்."

தலைவி மூட்டையைக் கீழே இறக்கினார். "என்னால முடியாது மேடம். இந்தக் கை எம் பேச்சைக் கேக்காது. போகட்டும் விடுங்க. நான் மூட்டையைத் தூக்கிக்கிட்டு அவரு வாசலுக்கே..."

"உங்க கை எப்போ கெளம்பும்னு உங்களுக்கே தெரியாது. தம்பிக்கும் தெரியல" என்றார் அண்ணி. "அது தெரிஞ்ச ஒரே ஆளு இங்க இருக்காரு. முப்பது வருஷமா அந்தக் கை கெளம்பற நேரம் பாத்துத்தான் அவர் முழங்கால் எழுந்திருக்கு."

எல்லாரும் தரகரைப் பார்த்தோம். அவர் கதவோரம் நின்றிருந்தார்.

"நானா?" என்றார். "நல்லா இருக்கே! இது தேறலைன்னா எல்லாரும் நாளைக்கே எங்கிட்டதான் வரணும். நான் எதுக்கு இவங்க கையைப் பிடிக்கணும்?"

நியாயமான கேள்வி. அண்ணி அவருடைய முழங்காலைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். தரகரும் குனிந்து அந்த நீல வட்டத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் ஒரு தரம் துடைத்தார். அது போகவில்லை.

"எடையில மட்டும் நான் யோக்கியன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ஒரு தடவையாச்சும் இது இல்லாம தராசு என்ன காட்டுதுன்னு நானும் பாக்கணும். ஆனா என் காலை நான் நம்ப மாட்டேன். தலைவியம்மா, அதை நீங்க மிதிச்சுக்கோங்க."

தலைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தரகரின் வலது பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்து ஓங்கி மிதித்தார். முப்பது வருட விலையும் அந்த மிதியில் இருந்தது. தரகர் பல்லைக் கடித்துக்கொண்டார். வலது கையை அவரிடம் கொடுத்துவிட்டு, தலைவி இடது கையால் மூட்டையைக் கொக்கியில் மாட்டினார்.

மூட்டை ஆடி நிற்பதற்குள் அந்தக் கை துடித்தது. துடிப்பதற்கு ஒரு நொடி முன்பே தரகரின் பிடி இறுகிவிட்டது. அவருடைய முழங்கால் எழப் பார்த்தது. தலைவியின் பாதம் அதை அங்கேயே நிறுத்தியது. இரண்டு பேருக்கும் நெற்றி வேர்த்தது. பார்த்தால் மல்யுத்தமா கல்யாணமா என்று சொல்ல முடியாது.

எண் ஓடியது. நாலு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. மருமகள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டிருந்ததால், அண்ணி சொல்ல, நான் இரண்டு இணுக்குப் பாசியை மேலே போட்டேன். ஐந்து கிலோ.

ஆடாமல் நின்றது எண்.

பரிசோதகர் ஊசியைச் செருகினார். கருவி யோசித்தது. நான் வேண்டாத தெய்வமில்லை.

"முப்பத்திமூணு" என்றார் அவர். "தேறிடுச்சு. நல்ல சரக்கு. முதல் லோடு நானூறு மூட்டை, இதே மாதிரி உங்க ஆளுங்களே நிறுத்து, ஈரமில்லாம அனுப்பணும். பத்து நாள் டைம்."

மாதிரி மூட்டையோடு வண்டி கிளம்பிப் போயிற்று. மருமகள் வாசலுக்கு ஓடி, நாற்பத்து மூன்று வீட்டுக்கும் கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டார். தலைவி மட்டும் வெறும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. அது இன்னும் தரகரின் பிடியில்தான் இருந்தது. அவருடைய பாதத்தின் மேலிருந்து இவரும் காலை எடுக்கவில்லை.

"நானூறு மூட்டை அண்ணி" என்று கிசுகிசுத்தேன். "நாப்பத்து மூணு வீட்டுலயும் இதே கைதானே? யாரு நிறுக்கறது?"

அண்ணி பதில் சொல்வதற்குள் தரகர் தொண்டையைக் கனைத்தார்.

"நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

தலைவி மூக்கை உறிஞ்சினார். பிடியிலிருந்து கையை உருவி, நீலம் படிந்த புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பவும் போல எட்டு மணிக்கு வாங்க" என்றார். "முழங்காலை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாங்க."